லாவெண்டருக்குச் சுண்ணாம்பு

அப்பா தோட்டவேலை பார்த்த பங்களா போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் இருந்தது. அதன் பின்னால் ஒரே ஓர் அறை எங்களுக்கு. பங்களா மேடம் மெயின்லேண்டிலிருந்து ஆறு லாவெண்டர் செடிகளை விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மறுபடி லீவுக்குக் கிளம்பும்போது, தான் வருவதற்குள் செடிகள் செத்தால் வேறு மாலியை, அதாவது தோட்டக்காரரை, வைத்துக்கொள்வதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. வேறு மாலி வந்தால் அறையும் அவனுக்குத்தான்.

அப்பாவுக்குத் தெரிந்த அன்பு தண்ணீரும் சாணியும். இரண்டையும் தாராளமாகக் கொடுத்தார். மழையும் தன் பங்குக்குக் கொடுத்தது. அடித்தண்டு கறுத்து நான்கு செடிகள் சாய்ந்தன. மிச்சம் இரண்டையும் எங்கள் கூரைக்கடியில் இழுத்து வைத்துவிட்டு, செத்ததைச் சொல்லாமல் மேடத்திடம் போனில் கேட்டார். "பானி கம், சூனா ஜ்யாதா" என்றாராம். தண்ணீர் குறைவாக, சுண்ணாம்பு அதிகமாக. வேரில் ஈரம் தங்கவே கூடாது. கடைச் சுண்ணாம்பு வேரைச் சுட்டுவிடும் என்று அப்பா பயந்தார். கடற்கரையில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்தின் ஞாபகம் வந்தது. அதுவும் சுண்ணாம்புதானே.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே சட்டம் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். பவளத்தில் ஒரு துண்டு எடுத்தாலும் ஜெயில் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஜெயில் என்றால் எனக்கு, வெள்ளைக்காரர்கள் கைதிகளைச் சங்கிலியில் கட்டி வைத்த, இப்போது வெளியூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அந்தப் பழைய ஜெயில்தான்.

"வேணாம்ப்பா, சங்கிலி போட்டுருவாங்க."

"நீ கோணிய விரிச்சுப் பிடிடா."

விடிந்ததும் முதல் பஸ்ஸில் கடற்கரைக்கு வந்திருந்தோம். ஒவ்வொரு துண்டும் கோணிக்குள் விழும் சத்தம் தீவு முழுக்கக் கேட்பதாகத் தோன்றியது. பாதி நிறைவதற்குள் விசில் சத்தம். காக்கிச்சட்டைக் காவலர் ஒருவர் ஓடி வந்தார்.

"தைலே மே க்யா ஹை?" கோணியில் என்ன என்று இந்தியில் அதட்டினார்.

நான் "அப்பா!" என்று அலறியதும் தமிழுக்கு மாறினார். "என்னய்யா, வீடு கட்டப் போறியா?"

"செடிக்குங்க சார்."

"கல்லு திங்கிற செடியா! என் சர்வீஸ்ல இப்பத்தான் கேக்குறேன். கொட்டு எல்லாத்தையும்."

அப்பா கொட்டினார். கோணியை உள்வெளியாகத் திருப்பியும் உதறிக் காட்டினார்.

"பையன் அழுறானேன்னு விடுறேன். ஜல்தி கிளம்பு."

ஜெயில் இல்லை, சங்கிலி இல்லை. "தப்பிச்சிட்டோம்ப்பா!" என்று பஸ்ஸிலும் சொன்னேன், இறங்கியும் சொன்னேன். பங்களா கேட்டுக்குள் நுழைந்ததும் அப்பா நின்று, கூரைக்கடியில் இருந்த இரண்டு செடிகளையும் பார்த்தார். பிறகு எங்கள் அறைக் கதவைப் பார்த்துவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். காவலர் பின்னாலேயே வந்துவிட்டாரோ என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சாலையில் யாருமே இல்லை.