ஏழால் வகுப்பவர்

"அறுநூத்து எழுபத்தாறு புள்ளி அஞ்சு, ஏழு, ஒண்ணு, நாலு..."

முன்னால் நிற்கும் ஆட்டோவின் எண் 4736. ஸ்வீட்டி அக்கா அதை ஏழால் வகுத்துக்கொண்டிருக்கிறார். பேகம்பேட் மேம்பாலத்தில் எங்கள் ஆபீஸ் கேப் அசையவில்லை. டிரைவர் ஹாரனை அழுத்துகிறார். அக்கா கண்களைப் பாதி மூடிக்கொண்டு அடுத்த இலக்கத்துக்குப் போகிறார். காகிதம், போன் எதுவும் தொடமாட்டார். புள்ளி வரும் இடத்தில் மட்டும் தலை லேசாக ஆடும்.

"எட்டால வகுத்தா மூணு ஸ்தானத்துல முடிஞ்சிரும். சப்புன்னு இருக்கும்" என்பார்.

பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். பேச்சு மட்டும் திருநெல்வேலி, கோபம் வந்தால் 'வேண்டாம்' என்பதற்கு ஹைதராபாத்தின் "நக்கோ!" மாதாப்பூர் ஆபீஸில் எங்கள் இடம் ஐந்தாவது மாடி. அக்கா தினமும் படியேறித்தான் வருவார். உடம்பு இளைக்க என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டதற்குச் சொன்னார்:

"கழுத்து வலின்னு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனேன். அந்தக் குழாய்க்குள்ள மூச்சு முட்டிருச்சு. ஜெபம் பண்ணா பாதியில வார்த்தை மறந்துபோச்சு. வகுத்தல் கணக்குதான் கைகொடுத்துச்சு. அதுலேர்ந்து லிஃப்ட்டுன்னாலே ஆகாது."

போன மாதம் அந்த லிஃப்ட்டில் ஏறினார். எங்கள் டீமில் இருக்கும் ஜெஸ்ஸி ஏழு மாத கர்ப்பிணி, அன்று தலைசுற்றல். "கூட வாங்க அக்கா" என்று கையைப் பிடித்தாள். அக்கா ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே வந்தார். நானும் இருந்தேன்.

மூன்றாவது மாடி தாண்டியதும் ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது. மணியை அழுத்தினேன், "பத்து நிமிஷம் மேடம்" என்றது ஒரு குரல். ஜெஸ்ஸிக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது.

"ஏட்டி, நான் சொல்றதைக் கேளு. நூறை ஏழால வகு."

"நக்கோ அக்கா... ஐ கான்ட்."

"பதினாலேழு தொண்ணூத்தெட்டு. மிச்சம் ரெண்டு. புள்ளி வச்சு ஒரு சைபர் சேத்துக்கோ. இருபதுல ஏழு எத்தனை தடவை?"

"...ரெண்டு."

"மிச்சம் ஆறு. இப்ப அறுபது."

"எட்டு."

இருட்டில் இரண்டு குரல்களும் மாறி மாறி நடந்தன. ஐந்து, ஏழு, ஒன்று, நான்கு. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஜெஸ்ஸியின் மூச்சு கொஞ்சம் நீண்டது.

"அக்கா, திரும்ப இருபதே வருது. இது முடியவே முடியாதா?"

"முடியாதுட்டி. அதுக்குத்தான் ஏழு."

ஜெஸ்ஸி சிரித்துவிட்டாள். நான்காவது சுற்றிலோ ஐந்தாவதிலோ கதவை நெம்பித் திறந்தார்கள். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தது. ஸ்டூல் போட்டு ஜெஸ்ஸியை முதலில் ஏற்றினோம். அவளைத் தாங்கிப் பிடித்து அனுப்பிவிட்டு, அக்கா கடைசியாக வந்தார்.

எல்லோரும் ஜெஸ்ஸியைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா படியில் போய் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். மூடியைத் திருகப் பார்த்தார். விரல்கள் வியர்வையில் வழுக்கின. இன்னொரு முறை முயன்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பாட்டிலை என்னிடமே நீட்டினார்.