புல் வைத்த திட்டு

ஒரு பிடி புல். வேரோடும் மண்ணோடும் பெயர்த்து எடுத்தது. எங்கள் ஓவர்சியரை நினைக்கும்போதெல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் அதுதான் என் கண்ணில் வந்து நிற்கிறது.

யுத்த காலத்துக் கோடை. ஆவடியில் ராணுவத்துக்குச் சாலை போட, சேக்காட்டு ஏரிக்குள் கான்ட்ராக்டரின் ஆட்கள் சரளை மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாலடிக்கு மேல் வெட்டக் கூடாது என்பது உத்தரவு. அதைக் கவனிக்க வந்தவர் ஓவர்சியர். என்னைவிடப் பத்து வயது இளையவர், முன்கோபி. நான் அவருக்கு அளவு எழுதும் குமாஸ்தா. "நாலடிக்குக் கீழ களிமண்ணு கீது, ரைட்டரே. அதுதான் தண்ணிய நிறுத்துது. அதத் தொட்டா ஏரி சல்லடைதான்" என்பார். வெட்டும் இடத்தில் அங்கங்கே ஒரு மண் திட்டைத் தோண்டாமல் விடச் சொல்வார். திட்டின் தலையிலிருந்து பள்ளம் வரை கோல் வைத்தால் ஆழம் தெரிந்துவிடும். தலையைச் சீவி, ஆழத்தைக் குறைத்துக் காட்டி ஏமாற்றினால்? அதற்குத்தான் திட்டின் மேல் பழைய புல் அப்படியே இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பார். அந்தப் புல்லுக்காக அவர் போட்ட சண்டைகளைப் பார்த்து நான் எத்தனையோ நாள் வாய்க்குள் சிரித்திருக்கிறேன்.

அவர் காய்ச்சலில் படுத்த வாரம் நான் தனியாக அளக்கப் போனேன். கோல் நாலடிதான் காட்டியது. ஆனால் திட்டின் மேலிருந்த புல் வாடியிருந்தது. தொட்டேன், கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. தலையைச் சீவிவிட்டு, வேறு புல்லைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். பள்ளத்தின் அடியில் களிமண்ணை வெட்டத் தொடங்கிய தடம் ஈரமாகத் தெரிந்தது. கான்ட்ராக்டரின் மேஸ்திரி பக்கத்தில் வந்தான். "யுத்த வேல நைனா. நிறுத்தினா மிலிட்டரிக்காரன் உன்னத்தான் உள்ள தள்ளுவான். புள்ளகுட்டிக்காரன், இன்னாத்துக்கு உனக்கு வம்பு?"

எனக்குப் பயம். அதைச் சொல்ல இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? புல்லை இருந்த இடத்திலேயே வைத்துக் காலால் அமுக்கினேன். நாலடி என்று எழுதினேன். ஓவர்சியர் படுக்கையில் இருந்தபடியே காகிதத்தை வாங்கினார். "மேல புல்லு கீதா?" என்று ஒன்றுதான் கேட்டார். "கீது சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார். அவர் எழுந்து வருவதற்குள் களிமண் லாரி லாரியாகப் போய்விட்டது.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தும் ஏரியில் தண்ணீர் தங்கவில்லை. நட்ட பயிர் தை பிறக்குமுன் கருகிற்று. ஊர் திரண்டு எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றது. ஒரு அம்மாள் ஓவர்சியர் மேல் மண்ணை வாரி இறைத்தாள். "நீதானே கையெழுத்து போட்ட? எங்க வயித்துல அடிச்சிட்டியே!" நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். வேலைக்குத் திரும்பிய அன்றே திட்டைப் பார்த்திருந்தார். மேலதிகாரி விசாரித்தபோதும், "கையெழுத்து என்னுது" என்றதோடு சரி. அவர் வேலை போயிற்று. போகும்போது என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன தை மாதம் அந்தப் பக்கம் போனேன். ஏரி ததும்பி, அந்தத் திட்டு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்க வேண்டிய நாள்; ஏரி வறண்டு கிடந்தது. நான் காலால் அமுக்கிய புல் வேர்பிடித்து, பச்சைப்பசேலென்று நின்றுகொண்டிருந்தது.