பூவுக்கு ஒரு வாசல், துடைப்பத்துக்கு ஒரு வாசல்

சங்கத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். முதன்முதலாகப் பொதுக்குழுவில் பேச எழுந்த அன்று ஒலிபெருக்கி மக்கர் பண்ணியது. மற்றவர்கள் அதைத் தட்டிக்கொண்டும் ஊதிக்கொண்டும் இருக்க, அவள் அது இல்லாமலேயே பேசி முடித்துவிட்டு உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். அன்று ஒட்டிய பெயர். துடைப்பம் ஏற்றுமதி செய்கிறவளுக்கு இதைவிட மோசமான பட்டப்பெயர் வைத்திருக்க முடியும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

துடைப்பமும் வாசல் மிதியடியும் அவள் வீட்டுக்காரர் தொடங்கிய தொழில். முதுகுவலி வந்து அவருக்குப் படி ஏறுவதே பெரும்பாடாகிவிட்ட பிறகு, துறைமுகத்துக்கு அலைகிற வேலை அவள் தலையில் விழுந்தது. அந்தப் புதிதில் ஒருமுறை, கப்பலில் இடமில்லை என்று அவளுடைய கன்டெய்னரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கப்பல் கம்பெனிக்குப் போய் நியாயம் கேட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, நீங்க எப்பவோ ஒரு பெட்டி அனுப்புறவங்க. உங்களுக்காக நான் மேலிடத்துல பேசினா, யாரு அவங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. மறுவாரமே சரக்கு அனுப்புவோர் சங்கத்தில் சேர்ந்தாள். அவளைப் போலக் கரையில் விடப்பட்டவர்கள் ஒரு கூட்டமே அங்கே இருந்தார்கள். எல்லாரும் ஒன்றாகப் போய் உட்கார்ந்ததும், அதே கம்பெனி, இடமில்லையென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவதாக ஒத்துக்கொண்டது. யாரு அவங்க என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. பின்னால் அவளே அந்தச் சங்கத்துக்குச் செயலாளரானாள்.

சங்க அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும். நீளமான ஒரு மேசை, அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், துறைமுகச் சாலையைப் பார்த்த ஒரு ஜன்னல். கப்பல் புறப்படும் நாட்களில் அந்த ஜன்னலில் நின்றால், லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்பது தெரியும்.

அந்த வரிசையைக் குறைக்கத்தான் அடுத்த மாதத்திலிருந்து என்று துறைமுகம் புது விதி ஒன்றை அறிவித்தது. இனிமேல் எந்தக் கன்டெய்னர் பெட்டியாக இருந்தாலும் கப்பல் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே உள்ளே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் வந்தால் கேட் திறக்காது.

பொதுக்குழுவில் பெரும்பாலானவர்களுக்கு இது நல்ல விதியாகவே பட்டது. கூரை ஓடு அனுப்புகிறவர் எழுந்தார். சங்கத்திலேயே அதிகப் பெட்டி அவருடையது. அவர் பேச்சுக்கு எடை அதிகம்.

"நம்ம ஓடு ரெண்டு நாள் முன்னாடி போனா வாடியா போகப்போகுது?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குளிர்பெட்டியில் பூ அனுப்புகிறவர். விடியலில் பறித்த பூவை அன்று மாலைக்குள் கேட்டுக்குள் சேர்க்கிற பிழைப்பு. எழுந்து இரண்டு வார்த்தை சொன்னார். சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

மைக் அக்கா வாயே திறக்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பூக்காரர் அவளுக்குச் சம்பந்தி. மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தாள். கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்கும்போது, கார் ஏற்பாட்டைக் கவனிக்கப் போயிருந்த அவரை விட்டுவிட்டு எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு முறுக்கிக்கொண்டவர்தான்; அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் நடுவில் மகள்தான் தபால்காரி.

"பேசினா சம்பந்திக்குப் பேசுறான்னு சங்கம் சொல்லும். பேசலைன்னா மக முகத்துல எப்படி முழிப்ப?" என்றார் வீட்டுக்காரர், கட்டிலில் ஒருக்களித்தபடியே.

"அதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன். நீங்க வேற எடுத்துக் குடுக்கிறீங்க."

மகள் போன் பண்ணினாள். பேத்தியின் பல் முளைப்பதைப் பற்றியே பேசினாள். வைக்கும்போது, "அம்மா, அந்த விஷயத்தை நான் கேக்கவே மாட்டேன். நீயும் சொல்லாத," என்றாள். கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று தோன்றியது மைக் அக்காவுக்கு.

மறுநாள் காலையில் அவள் பூக்கொட்டகைக்குக் கிளம்பிப் போனாள். வாசலில் நின்றிருந்த பூக்காரர் தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க சம்பந்தி."

"சம்பந்தியா வரல. சங்கத்துலேர்ந்து வந்திருக்கேன்."

"அப்படின்னா நாற்காலி போடச் சொல்றேன். சம்பந்தின்னா நிக்கவெச்சே பேசி அனுப்பலாம்னு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கொட்டகைக்குள் பெண்கள் நின்றபடியே தண்டுகளை ஒரே அளவாக வெட்டி, ஈரத்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை தூக்கவில்லை. பூவின் ஆயுசு வெட்டின நிமிஷத்திலிருந்தே கரைய ஆரம்பிக்கிறது என்றார் பூக்காரர். கப்பலில் போகிற நாள் போக மிச்சம் இருக்கிற ஆயுசைத்தான் அக்கரையில் வாங்குகிறார்கள். துறைமுகத்தில் சும்மா நிற்கிற இரண்டு நாள் அந்த மிச்சத்திலிருந்து போகும். "ரெண்டு தடவை பொறுத்துப்பாங்க. மூணாவது தடவை வேற ஊர்ல வாங்கிடுவாங்க. அப்புறம் இவங்க எல்லாரையும் நான் வீட்டுக்கு அனுப்பணும்," என்று வெட்டுகிற பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது லாரி வரிசையில் அவளுடைய ஆட்டோவும் மாட்டிக்கொண்டது. வேறு வேலையில்லாமல் எந்த லாரியில் என்ன சரக்கு என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஓடு, சோப்பு, துணி, மறுபடியும் ஓடு. நடுவில் அவளுடைய துடைப்பமும் நின்றது. நேற்றே வந்திருக்கலாம், முந்தாநாளே வந்திருக்கலாம். கடைசி நேரத்தில் வந்தே பழகிவிட்டது. பூவுக்கு வழியை அடைத்துக்கொண்டு நிற்பது நாம்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுபடி பொதுக்குழுவைக் கூட்டினாள்.

"பூக்காரர் எனக்குச் சம்பந்தி. அதனால நான் ஓட்டுப் போடப்போறதில்ல," என்று ஆரம்பித்தாள். "காய்ஞ்ச சரக்கு அனுப்புற நாம, துறைமுகம் சொன்னபடி முன்னாடியே போயிடலாம். வாடுற சரக்குக்கு மட்டும் தனி வாசல், கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும். இதைச் சங்கம் கேக்கணும்."

கூரை ஓட்டுக்காரர் மறுப்பாகத் தலையாட்டினார். "நல்ல விதி வந்திருக்கு. நாலு பேருக்காக நாம ஏன் துறைமுகத்துக்கிட்ட கெட்ட பேர் வாங்கணும்?"

"அண்ணே, ஒரு லாரி இவ்வளவுதான் ஏத்தணும்னு நாளைக்கு எடையைக் குறைக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. துடைப்பத்துக்கு ஒண்ணும் ஆகாது. துணிக்கும் ஆகாது. கூரை ஓட்டுக்கு மட்டும்தான் அடி. அன்னிக்கு இந்த ரூம்ல யாரு எழுந்து நிக்கணும்?"

ஓட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஓட்டெடுப்பில் அவர் எதிராகத்தான் கை தூக்கினார். ஆனாலும் தீர்மானம் மயிரிழையில் தேறியது.

தீர்மானத்தோடு அவள் போய்ப் பார்த்த துறைமுகப் போக்குவரத்து மேலாளர், தூக்கம் போதாத கண்களோடு இருந்தார். சாலை அடைத்துக்கொண்டால் அவருக்குத்தான் ஊரெல்லாம் திட்டு. மைக் அக்கா அங்கே குரலை உயர்த்தவே இல்லை. முதலில் அவருடைய சங்கடத்தைத்தான் பேசினாள். அதன் பிறகே பூவைப் பற்றிச் சொன்னாள்.

"உங்க சங்கத்துல முக்கால்வாசிப் பேருக்கு ஆட்சேபணை இல்லைன்னு கேள்விப்பட்டேனே," என்றார் அவர்.

"உண்மைதான் சார். எனக்கே இல்ல. ஆட்சேபணை இல்லாதவங்களுக்காகப் பேசறதுக்குச் சங்கம் எதுக்கு?"

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்: "காய்ஞ்ச சரக்கு நேரத்துக்கு வரும்னு என்ன உத்தரவாதம்?"

"லேட்டா வந்தா சங்கம் அவங்களுக்காக உங்ககிட்ட வராது. யாரா இருந்தாலும் சரி."

கொஞ்ச காலம் நடத்திப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். பழைய எடைமேடை பக்கம் இருந்த சின்ன வாசல் பூவுக்கும், அதைப் போலவே குளிர்பெட்டியில் போகிற மீனுக்கும் திறந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. முதலில் தாமதமாக வந்த காய்ந்த சரக்கு வேறு யாருடையதும் இல்லை, துடைப்பம்தான். வழியில் லாரியின் அச்சு முறிந்து, கேட் மூடிய பிறகு வந்து நின்றது. ஓட்டுநர் போன் பண்ணினார். வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அந்த மேலாளரை உனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்ல முடியாதுங்க."

"வண்டி உடைஞ்சதுக்கு நாம என்ன பண்றது? வேணும்னேவா லேட்டா வந்தோம்?"

"எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எண் தெரியும். அவர் எடுக்கவும் செய்வார். எடுத்துவிடுவார் என்பதுதான் பயமாக இருந்தது. பெட்டி அடுத்த கப்பலுக்குப் போனது. அக்கரையில் துடைப்பம் வாங்குகிறவர் கோபித்துக்கொண்டு அடுத்த ஆர்டரைப் பாதியாகக் குறைத்தார். வீட்டுக்காரர் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அவளும் சமாதானம் சொல்லப் போகவில்லை. அவளுக்கே மனசு ஆறவில்லை.

சங்கத்தில் அவள் அதைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் லாரி ஓட்டுநர்கள் வாயில் எது நிற்கும்? மைக் அக்கா பெட்டியே வெளியில் நின்றது என்கிற செய்தி துறைமுகச் சாலை முழுக்கப் பரவியது. அதன் பிறகு ஓட்டுக்காரரின் லாரிகள் ஒரு நாள் முன்பே வந்து நின்றன. வரிசை சுருங்கியது. தனி வாசல் நிலைத்தது. அடுத்த சங்கத் தேர்தலில் அவள் முன்னைவிடக் குறைந்த ஓட்டில்தான் ஜெயித்தாள். பாதியாகிப்போன ஆர்டரை ஈடுகட்ட, வீட்டுக்காரர் மிதியடிக்குப் புது வாடிக்கை தேட ஆரம்பித்தார்.

பேத்தியைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பூக்காரரும் அங்கே இருந்தார். நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"சின்ன வாசல்ல குளிர்பெட்டிக்குக் கரண்ட் குடுக்கிற இடம் ரெண்டுதான் இருக்கு. மூணு வண்டி வந்தா ஒண்ணு வெயில்ல நிக்குது. மீன்காரர் பாவம், வாயில்லாத மனுஷன். அவரு கேக்க மாட்டாரு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். மைக் அக்கா பேத்தியை மடியிலிருந்து இறக்கி மகளிடம் கொடுத்தாள்.

"எந்தெந்த நாள்ல மூணு வண்டி வருது சம்பந்தி?" என்று கேட்டபடி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.