முதலாம் தூதுவன் எங்கே இருக்கிறான்?

அந்தப் படத்தை வரைய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. பெரிய அட்டையில் ஓர் உயிர்க்கலத்தின் மென்சவ்வு. அதை ஏழு தடவை ஊடுருவி வளைந்து வளைந்து செல்லும் ஒரு புரதம், வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்குவதால் அதுதான் வாங்கி. சவ்வின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஜீ புரதம். போர் நடந்துகொண்டிருந்த காலம். நான் கண்டிக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் படிப்பித்தேன். திகனவில் தமிழ்மொழி விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். இந்தப் பாடத்தைத் தமிழில் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன்.

கருத்தரங்கை ஒழுங்குசெய்த ஆசிரியர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைக் கூட்டிப்போக அவரே வந்திருந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. சிப்பாய் ஒருவர் என் கையில் சுருட்டி வைத்திருந்த படத்தை விரிக்கச் சொன்னார். வளைவுகளையும் அம்புக்குறிகளையும் பார்த்துவிட்டு, எழுதியிருப்பதைச் சிங்களத்தில் சொல்லும்படி ஆசிரியரிடம் கேட்டார். ஆசிரியர் சொன்னார்: “சமிக்ஞை. வாங்கி. செய்தி கடத்தல். இரண்டாம் தூதுவன்.”

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

காவலரணில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். படத்தை மேசையில் விரித்து, சிங்களத்தில் விசாரித்தார்.

“இது ரேடியோ ஏரியலா?”

“இல்லை. உடம்பிலுள்ள ஒரு கலம்.”

“இரண்டாம் தூதுவன் என்றால், முதலாம் ஆள் யார்?”

“அதிரினலின்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். “எங்கே இருக்கிறான்?”

“சிறுநீரகத்துக்கு மேலே.”

ஆசிரியர் என் பக்கம் குனிந்தார். “மெடம், வெளையாடாதீங்க. உள்ள போட்டுருவாங்க.”

“நான் விளையாடேல்லை. உள்ளதைத்தானே சொல்லுறன்.”

பயம் இருந்தது. ஆனால் என் பாடத்தைப் பற்றி யாராவது கேட்டால், பயம் எனக்கு இரண்டாம்பட்சம். எழுந்து நின்று விளக்கட்டுமா என்று கேட்டேன். சார்ஜன்ட் தலையசைத்தார்.

“பயந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அது அதிரினலின் செய்யும் வேலை. அது இதயக் கலத்துக்குள் நுழைவதே இல்லை. வெளியிலிருந்து இந்த வாங்கியைப் பிடிக்கும். உடனே வாங்கியின் வடிவம் மாறும். உள்ளே ஜீ புரதம் பழைய ஜீ.டீ.பி. மூலக்கூற்றை விட்டுவிட்டு, சக்தி கூடிய ஜீ.ரீ.பி.யைப் பிடித்துக்கொண்டு இரண்டாகப் பிரியும். பிரிந்த துண்டு ஒரு நொதியைத் தட்டி எழுப்பும். அந்த நொதி இரண்டாம் தூதுவனைக் கணக்கில்லாமல் உண்டாக்கும்.”

“பிறகு யார் நிறுத்துவது?”

என் மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “ஜீ புரதமே ஜீ.ரீ.பி.யை உடைத்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும்.”

“நிறுத்தாவிட்டால்?”

“கொலரா நஞ்சு அதைத்தான் செய்கிறது. குடல் கலங்களில் ஜீ புரதத்தை நிற்க விடாது. உடம்பின் தண்ணீரெல்லாம் குடலுக்குள் கொட்டும்.”

அவர் பேனாவை வைத்தார். “என் தம்பி சின்ன வயதில் அப்படித்தான் போனான். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அம்மா கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்?”

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “உப்பும் சீனியும் கலந்து கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். அவை இரண்டையும் சேர்த்து உறிஞ்சும் வழியை நஞ்சு தொடுவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் டாக்டர்மார் பலருக்கே அது தெரியாது. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

அவர் படத்தைச் சுருட்டினார். பிறகு எங்களைப் போகச் சொன்னார். படத்தை மட்டும் மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

“படம் போச்சே, மெடம்,” என்றார் ஆசிரியர், அடுத்த பஸ்ஸில்.

“கரும்பலகை இருக்குதுதானே.”

திகனவில் எல்லோரும் காத்திருந்தார்கள். அதிரினலினை விட்டுவிட்டுக் கொலராவில் தொடங்கினேன். சோக்குக்கட்டியால் வரைந்த படம் அட்டையில் இருந்ததைவிடத் தெளிவாக வந்தது. முடித்ததும் மடவளையிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் கையை உயர்த்தினார்.

“மிஸ், கோப்பி குடிச்சா நித்திர வாரல்லயே, அதுவும் இந்த மாதிரி வாங்கிகள்ட வேலதானா?”

அதுவும் இதே குடும்பத்து வாங்கிதான். பலகையை அழித்துவிட்டு, கோப்பியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.