சீட்டு இல்லாத இருமல்

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான் போதை விற்றிருக்கிறேன்.

கஞ்சா இல்லை. இருமல் மருந்து. சிதம்பரத்தில், என் சொந்த மெடிக்கல் ஷாப்பில், பார்மசி பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டிய சுவருக்குக் கீழே நின்றுதான் விற்றேன்.

அளவோடு குடித்தால் இருமலை நிறுத்தும் மருந்து. பாட்டிலோடு கவிழ்த்தால் ஆளையே கவிழ்த்துவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்பது சட்டம். ஆனால், தெரிந்த முகத்திடம் சீட்டு கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் நாங்கள்.

ரவி தெரிந்த முகம். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) எங்கள் தெருப் பையன், பதினோராம் வகுப்பு.

"மாமா, அம்மாவுக்கு இருமல் ஜாஸ்தி ஆயிடுச்சி. ஒரு பாட்டில் குடுங்க."

"சீட்டு எங்கடா?"

"நம்ம கடைக்கு எதுக்கு மாமா சீட்டு?"

அந்த 'நம்ம கடை'யில் விழுந்தேன். கொடுத்தேன். பிறகு அவன் சிநேகிதர்களும் வந்தார்கள். எல்லோர் வீட்டிலும் அம்மாவுக்கு இருமல். பனிக்காலம் என்றால் சரி... கத்திரி வெயிலிலுமா?

ஒருநாள் ரவியின் அம்மா பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். "இருமல் தேவலையாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கா? எனக்கு ஏதுண்ணே இருமல்?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என்ன சொன்னேன் தெரியுமா? "வேற யாரையோ நெனச்சிட்டேம்மா." உண்மையைச் சொன்னால் சீட்டில்லாமல் விற்றதும் வெளியே வருமே!

சிரித்தபடி போனார் அந்த அம்மா. அவர் மகனுக்கு அதற்குப் பிறகும் விற்றேன். முதலில் விற்றதை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வது?

சில வாரங்களில், பள்ளிப் பிரேயரில் நின்றுகொண்டிருந்த ரவி அப்படியே முகம் குப்புற விழுந்தான். முன்பல் பாதி உடைந்தது. புத்தகப் பையில் என் கடை பாட்டில்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சேவாண்ணே குடுத்தீங்க?"

"கடைசில... தெரிஞ்சேதாம்மா."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கடலூரில் ஒரு மனநல டாக்டர் இருந்தார். பஸ்ஸில் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அந்த அம்மா வெகு நேரம் யோசித்துச் சம்மதித்தார். ரவி ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: "டிக்கெட் நீங்களே எடுங்க. பக்கத்துல மட்டும் ஒக்காராதீங்க." நான் முன்னால், அவன் கடைசி சீட்டில். ஒருமுறை பாதி வழியில், புதுச்சத்திரத்திலேயே நழுவி இறங்கிவிட்டான். இன்னொரு முறை டாக்டர் அறை வரை வந்துவிட்டுத் திரும்பினான். பள்ளியில் அவனுக்கு ஒரு வருஷம் வீணாகப் போயிற்று.

கடையில் கறாராகச் சீட்டு கேட்க ஆரம்பித்தேன். "மாமா கடையில மருந்து வாங்கணும்னா கல்யாணப் பத்திரிகை மாதிரி சீட்டு வெக்கணும்டா" என்று கிண்டலடித்தபடி பையன்கள் வேறு கடைக்குப் போனார்கள். அந்தக் கடைக்காரரிடம் போய், சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள் என்றேன். "இத்தினி நாள் வித்துட்டு இப்ப உபதேசமா சார்?" என்றார்.

ரவி மெல்ல மீண்டான். பிளஸ் டூ முடித்தான், காலேஜில் சேர்ந்தான். என் கடைப் பக்கம் மட்டும் வரவில்லை. அவன் அம்மாவும்தான்.

போன வாரம் வந்தான். நான் வாய் திறக்குமுன் கண்ணாடி மேஜை மேல் டாக்டர் சீட்டை வைத்தான்.

"அம்மாவுக்கா?"

"எனக்குத்தான் மாமா." சொல்லிவிட்டு, நிஜமாகவே இருமினான்.

மயக்கம் தராத, சாதாரண மருந்து. ஆனாலும் சீட்டை இரண்டு முறை படித்தேன். கை தானாகப் போனை எடுத்தது.

"போடுங்க மாமா, டாக்டரையே கேட்டுக்குங்க." உடைந்த பல் தெரியச் சிரித்தான்.

டாக்டர் ஆமாம் என்றார். மருந்தைக் கொடுத்தேன். படியிறங்கியவன் திரும்பினான்.

"அன்னிக்கு எங்கம்மாவுக்கு இதே மாதிரி ஒரு போன் போட்டிருக்கலாம் இல்ல மாமா?"

போட்டிருக்கலாம்.