பஞ்சமம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்

நான் கிட்டார் வாசிப்பவள் என்று சொன்னால் எங்கள் கம்பெனியில் இன்னும் சிலர் நம்புவதில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் சின்ன கம்பெனி அது. சூளையிலிருந்து வரும் ஃப்யூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்குவது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருஷமாக இதைச் செய்கிறேன்.

கிட்டார் வந்தது சர்ச் பாடகர் குழுவால். வாசிக்க ஆளில்லாமல் மூலையில் கிடந்ததை எடுத்து, சில ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டுகளில் நாலைக் கற்றுக்கொண்டு ஞானப்பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தேன். அங்கே கீபோர்டு வாசித்தவரை அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். திட்டக்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், தினமும் பஸ்ஸில் போய் வருவார். அவர் கணவருக்கு வளைகுடாவில் வேலை. பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கிட்டாரோடு அவர் வீட்டு மாடிக்குப் போய்விடுவேன். ஆறு மணி வரை வாசிப்போம்.

ஆரம்பத்தில் பாட்டுகள்தான் வாசித்தோம். பிறகு எனக்கு வேறு ஒரு கிறுக்கு பிடித்தது. போனில் கிட்டார் பாடங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, லோக்ரியன் என்ற மேற்கத்திய ஸ்வரவரிசையைப் பற்றி ஒருவர் பேசினார். ச என்று ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் ப, அதாவது பஞ்சமம், அதற்குத் துணையாக நிற்கும். பாட்டு எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். லோக்ரியனில் அந்த ப கிடையாது. அதற்கு ஒரு ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம், கீழே இருக்கும் ஸ்வரம்தான் உண்டு. ச தனியாக நிற்கும். அதனாலேயே இதை யாரும் அதிகம் வாசிப்பதில்லை, பாடப் புத்தகத்தோடு விட்டுவிடுகிறார்கள் என்றார் அவர். எனக்கு உடனே அதை வாசித்துப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

முதல் மாதம் ஒன்றும் வரவில்லை. ஏறி இறங்கினால் தப்பான கட்டையைத் தொட்டது போலவே கேட்டது. பிறகு வேகத்தை விட்டேன். அடிக்கம்பியை வெறுமனே மீட்டி அதை ச என்று வைத்துக்கொண்டு, மேலே மூன்றே மூன்று ஸ்வரங்களில் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் ரி-யிலிருந்து மெதுவாக இறங்கினால் ச வீடு மாதிரி ஆகிறது என்று புரிந்தது. இறங்கிய பிறகு அவசரப்படாமல் சும்மா இருக்கவேண்டும். அந்த மௌனத்தில்தான் ச கால் ஊன்றும். இதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை, விரல்தான் கண்டுபிடித்தது. அன்று நான் அழுதேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் அழுதேன்.

அக்கா கீபோர்டில் ச-வை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். அதன் மேல் நான் மனம் போன போக்கில் வாசிப்பேன். என் ஒரே நிபந்தனை, "ப மட்டும் தொடாதீங்கக்கா." ப வந்தால் என் ஸ்வரங்கள் அத்தனையும் அபஸ்வரமாகிவிடும். அவர் தொட்டதில்லை. இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல், ஒரே கட்டையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நிறுத்தியதும், "நல்லா இருக்குதுடி. இன்னொரு வாட்டி வாசி" என்பார்.

எங்கள் சர்ச்சில் பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளுக்கும் தனித்தனியாகச் செய்தி உண்டு. நடுநடுவே பாட்டு. போன வருஷம் நான்காவது வார்த்தைக்குப் பிறகு பாட்டுக்குப் பதில் கிட்டார் மட்டும் வாசிக்கலாமா என்று நான் கேட்டேன். 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற, எல்லாரும் விட்டுவிட்டுப் போன ஒருவரின் வார்த்தை அது. துணையில்லாத ச-வுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. போதகர் யோசித்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்தான்" என்றார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்று கூப்பிடுவோம்.

வியாழக்கிழமை மாலை அக்கா வீட்டில் கடைசி ஒத்திகை பார்த்தோம். அவர் ச-வைப் பிடித்தார், நான் வாசித்தேன். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. "நாளைக்கு இப்படியே வாசிச்சுடு" என்று என் தோளைத் தட்டினார்.

மறுநாள் சர்ச் நிறைந்திருந்தது. உச்சி வெயில், மின்விசிறிச் சத்தம், குழந்தைகளுக்கு விசிறிவிடும் சத்தம். நான்காவது செய்தி முடிந்ததும் நான் எழுந்து போய் உட்கார்ந்தேன். அக்கா ச-வைப் பிடித்தார். நான் ரி-யிலிருந்து இறங்கினேன். சும்மா இருந்தேன். மறுபடி மேலே போய் அந்தக் குறைந்த ஸ்வரத்தைத் தொட்டு நீட்டினேன். விசிறும் சத்தம்கூட நின்றது போல் இருந்தது.

அப்போது கீபோர்டில் ப வந்தது.

தொட்டுவிட்டு எடுத்திருந்தால் கை தவறியது என்று நினைத்திருப்பேன். எடுக்கவில்லை. முழு கார்டாகப் பிடித்தார். அடுத்த கார்டு, அதற்கடுத்த கார்டு என்று சோகப் பாட்டுக்கு எல்லாரும் வாசிக்கும் வழக்கமான கார்டுகள் வரிசையாக வந்தன. அதன் மேல் என் ஸ்வரங்கள் கல்லில் தகரத்தை இழுத்த மாதிரி கேட்டன. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. "டியூன் பண்ணாமலேயே வந்துட்டாங்க போல."

நான் செய்ததையும் சொல்லவேண்டும். நிறுத்தியிருக்கலாம், அல்லது என் வழியிலேயே போயிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. விரலை ஒரு ஃப்ரெட் மேலே நகர்த்தினேன், ப-வுக்கு. ரி-யையும் அப்படியே மாற்றினேன். உடனே எல்லாம் இனிமையாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் வாசிக்கக்கூடிய ஏதோ ஒரு சோக மெட்டை மூன்று நிமிஷம் வாசித்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

வெளியே வந்ததும் அக்காவே என்னிடம் வந்தார். "பயத்துல கை தானா போயிடுச்சுடி. மன்னிச்சுக்கோ" என்றார். நான் நம்பினேன். அவ்வளவு பேர் முன்னால் யாருக்கும் நடக்கக்கூடியதுதானே. அடுத்த ஞாயிறும் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அவர் ச-வைப் பிடித்தார்.

மூன்று வாரம் கழித்து, பாட்டுப் புத்தகம் கொடுப்பதற்காகப் போதகர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி டீ கொடுத்தார். மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாத நல்ல பெண்மணி.

"அன்னிக்கு வாசிச்சியே, கடைசியில நல்லா இருந்துச்சும்மா. ஐயருதான் மொதல்ல பயந்துகிட்டே இருந்தாரு. டீச்சரு புதன்கெழமையே வந்து சொல்லிட்டாங்க. அவ வாசிக்கறது கேக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், நான் கீழே சரியா கார்டு போட்டு இழுத்துக்கறேன், நீங்க கவலப்படாதீங்கன்னு. அதுக்கப்புறம்தான் இவரு தூங்கினாரு."

"புதன்கெழமையா, வியாழக்கெழமையா?" என்று கேட்டேன்.

"புதன்தான். அன்னிக்கு நான் வேப்பூருக்குப் போயிட்டு அப்பதான் வந்தேன்."

டீயைக் குடித்து முடித்தேன் என்று நினைக்கிறேன். நேராக அக்கா வீட்டுக்கு நடந்தேன். புதன்கிழமை முடிவு செய்துவிட்டு, வியாழக்கிழமை என் எதிரில் உட்கார்ந்து ச-வைப் பிடித்திருக்கிறார். தோளைத் தட்டியிருக்கிறார். நடக்க நடக்க அந்தத் தட்டல்தான் நினைவில் வந்துகொண்டிருந்தது.

அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டேன். மறுக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"நீ அசிங்கப்படப் போறியேன்னு பயந்தேன். உனக்காகத்தான்டி செஞ்சேன்."

"அசிங்கப்பட்டது நீங்க கார்டு போட்டதாலதானேக்கா. என்கிட்டே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா? அந்த ராகமோ என்னவோ, அது உன்னைப் பிடிச்சு ஆட்டுது. எனக்கு அது ஒரு நாளும் பிடிச்சதில்ல. கேட்டா தல வலிக்கும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு வருஷமா நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா, ஞாயித்துக்கெழம நீ இந்த வூட்டுக்கு வருவியா?"

வந்திருப்பேன் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. அது உண்மையா என்று தெரியாததால் சொல்லவில்லை. "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

ஒத்திகைகளைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். கிட்டாரைக் கேட்கவில்லை. கடைசியில் வரும் அக்காவின் குரலைத்தான் கேட்டேன். "நல்லா இருக்குதுடி." நாற்பது ஐம்பது முறை. ஒன்றிலாவது பொய் தெரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எல்லாமே அன்பாக இருந்தன. பீங்கானில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற காது இது. என்னால் ஒன்றையும் பிரித்தெடுக்க முடியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவர் ஏமாற்றியதற்குக் கோபப்பட்டேனா, அவர் எவ்வளவு தனியாக இருந்தார் என்பது தெரியாமலே இரண்டு வருஷம் அவர் எதிரில் வாசித்தேனே அதற்கா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ஆனால் கோபம் போகவில்லை.

குழுவை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒன்றாகத்தான் வாசித்தோம். "அடுத்தது டி மைனர்க்கா." "சரிம்மா." அவ்வளவுதான் பேச்சு. அவர் என்னைக் கூப்பிடும் 'டி' போய் 'ம்மா' வந்துவிட்டதை இருவரும் கவனித்தோம், இருவரும் சொல்லவில்லை.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் போதகர் என்னைக் கூப்பிட்டு, போன வருஷம் போலவே வாசிக்கிறாயா என்றார். கீபோர்டு இல்லாமல் வாசிக்கிறேன் என்றேன். அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு, "அது சரிப்படாதும்மா. பெரியவங்க எல்லாம் வருவாங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன். நான்காவது வார்த்தைக்குப் பிறகு அக்கா தனியாகக் கீபோர்டில் ஒரு மெட்டு வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது அக்கா கேட் பக்கம் நின்றிருந்தார். கணவர் இந்த வருஷமும் வரவில்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரியா? எதுவும் வாசிக்க வேணாம். சும்மா வா" என்றார்.

"வேலை இருக்குதுக்கா" என்றேன்.

எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.