கேரவனுக்குக் கதவு எண் ஏது?

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மனைக்குள் ஒரு கழிவுநீர் லாரி வந்தது. குழாயை மாட்டினார்கள். மோட்டார் ஓடியது. கால் மணி நேரத்தில் டேங்க் காலி. நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளை பாஸாகிவிட்ட பெற்றோர் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

கக்கூஸ் டேங்க் காலியானதற்கெல்லாம் ஒரு பத்தியா என்று கேட்பீர்கள். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் மூன்று வாரம் பட்ட பாடு தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

எர்ணாவூரில் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டோம். உப்புக் காற்றில் கம்பி துருவேறி, கூரையின் காரை தட்டில் விழ ஆரம்பித்துவிட்டது. புதிதாகக் கட்டப் பத்து மாதம் ஆகும் என்றார் மேஸ்திரி. அதுவரை ஒரு வாடகை வீடு பார்ப்பதுதானே நாலு பேர் செய்வது? என் வீட்டுக்காரர் சேகர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வருடக்கணக்கில் அத்தனை உயரத்தில் தனியாகவே உட்கார்ந்திருந்தவருக்கு நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது.

"சொந்த எடம் கீறப்போ எதுக்கு வசு இன்னொருத்தர் வூட்ல போய் குந்தணும்?" என்றார். அடுத்த வாரமே ஒரு பழைய கேரவனை ஓட்டிக்கொண்டு வந்து மனையின் ஓரத்தில் நிறுத்தினார்.

ஆமாம், ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் அதே வண்டிதான். ஏசி, மடக்குக் கட்டில், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துதான் நான் நெத்திலி ஆய்ந்தேன். உள்ளேயே கக்கூஸ் வேறு. உண்மையைச் சொல்கிறேன், முதல் வாரம் எனக்கே பிடித்திருந்தது.

ஒன்பதாம் நாள் கக்கூஸ் கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டிக்கு அடியில் இருக்கும் டேங்க் நிறைந்துவிட்டதாம்.

"இதை எங்கே கொட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"ஷூட்டிங் முடிஞ்சதும் டிரைவரு எங்கனா போய் காலி பண்ணிடுவாராம்."

"எங்கனான்னா?"

"அத்த கேக்கலயே."

மைலேஜ் கேட்டிருக்கிறார். ஏசி எத்தனை டன் என்று கேட்டிருக்கிறார். கண்ணாடியில் எத்தனை பல்பு எரிகிறது என்று எண்ணியே பார்த்திருக்கிறார். இதை மட்டும் கேட்கவில்லை... பழைய வீட்டின் செப்டிக் டேங்கையும் இடித்து மூடியாகிவிட்டது. அந்த இடத்தில் புது வீட்டின் தூண் வருகிறது.

பாதாளச் சாக்கடை இணைப்பு கேட்டு வார்டு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"கதவு எண் சொல்லுங்கம்மா."

"வீட்டை இடிச்சிட்டோம் சார். இப்போ கேரவன்ல இருக்கோம்."

"அப்போ அது வண்டிம்மா. வண்டிக்கு எப்படி கனெக்‌ஷன் குடுக்கறது? வீடு கட்டி முடிச்சிட்டு வாங்க."

"அதுவரைக்கும்?"

பாவம், நல்ல மனிதர். பேனாவை மூடி வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். "அதுவரைக்கும் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றார்.

எதைப் பார்த்துக்கொள்வது?

திரும்பி வந்தால் இவர் கடப்பாறையும் கையுமாக நிற்கிறார். கேரவனுக்குப் பின்னால் ஒரு குழி. வால்வைத் திறந்து அதில் விட்டு மண்ணைப் போட்டு மூடிவிடலாமாம். மூன்றடி தோண்டுவதற்குள் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. கடலும் கழிமுகமும் இத்தனை பக்கத்தில் இருந்தால் வேறு என்ன வரும்?

பக்கத்து வீட்டு ராணி வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தாள். நெட்டுக்குப்பத்துப் பெண். கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்தவள். காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, மதியத்துக்குள் விற்றுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"இன்னா சார், கெணறா?"

"இல்லம்மா... சொம்மா ஒரு குழி."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பொய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

ராணி கத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இவரைப் பார்த்துப் பேசினாள். "இதே தண்ணிதான் சார் எங்க கைபம்புல வருது. இத்துலதான் பாத்திரம் கழுவறோம், புள்ளைங்கள குளிக்க வெக்கிறோம். ஆத்துல கரண்டு பிளான்ட்டு சாம்பல் வந்துகினு கீது, காத்துல கரி வந்துகினு கீது. அவங்கள போய் நான் யாருனு கேக்கறது? உன்னியாச்சும் கேக்கலாம்ல?"

இவர் அன்றே குழியை மூடினார். நான் கேரவன் கக்கூஸைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பூட்டியாகிவிட்டது, சரி. அவசரத்துக்கு எங்கே போவது? கல்மண்டபத்தில் என் தங்கை இருக்கிறாள். காலையில் எழுந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்கு. இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோ நகரவே இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு, பல்லைக் கடித்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஆண்களுக்குப் புரியுமா? அன்று இவரோடு நான் பேசவில்லை.

சாயங்காலம் ராணிதான் வந்து கூப்பிட்டாள். "இன்னாத்துக்குக்கா கல்மண்டபம் வரிக்கும் போய் பேஜாராவுற? எங்க வூட்டுக்கு வா. எங்க கக்கூஸு எப்பவும் சுத்தமா கீது." அன்றிலிருந்து அவள் வீடுதான்.

கழிவுநீர் லாரிக்குப் போன் செய்தோம். வந்தவர் தேவராஜ். புளியந்தோப்புக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கேரவனுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். லாரியின் குழாய் தொடை கனம். வண்டியின் வாயோ மணிக்கட்டு கனம். மாட்ட வழியில்லை. மாட்டினாலும் மோட்டாரின் இழுப்புக்கு அந்தச் சின்ன டேங்க் நசுங்கிவிடும் என்றார்.

இவருக்கு அவசரம். வாயை விட்டுவிட்டார். "மேல மூடி கீதுப்பா. தெறந்தா கை உள்ள போவும். பக்கெட்ல மொண்டு ஊத்திடலாமே."

தேவராஜ் கையுறையைக் கழற்றினார். குரல் உயரவில்லை. "என் தம்பி ஒரு அபார்ட்மென்ட்ல டேங்குக்குள்ள எறங்கினான் சார். அஞ்சு நிமிசம்னு சொல்லித்தான் எறக்குனாங்க. நான் ஆஸ்பத்திரில போய்த்தான் பாத்தேன். அதுக்கப்புறம் கைய வெக்கிற வேலைக்கு நான் போறதில்ல. என் ஹோஸு எட்ற மாதிரி ஒரு டேங்கு வெச்சிட்டு கூப்புடு. வரேன்."

லாரி போன பிறகும் இவர் வெகுநேரம் வெயிலிலேயே நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. "இன்னா பேச்சு பேசிட்டேன் வசு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் ஒன்று வந்தது. கேரவனில் இருந்து தானாக வழிந்து இறங்க வேண்டும் என்றால் டேங்க் தாழ்வாக இருக்க வேண்டுமே... மண்ணில் பாதி புதைத்தார். நல்லவேளை, குழாய் இணைக்கவில்லை. இரண்டு நாள் மழை பெய்தது. நிலத்தடித் தண்ணீர் ஏறி, காலி டேங்க் மண்ணைப் பிளந்துகொண்டு தெப்பம் மாதிரி மேலே வந்துவிட்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "டேங்கு கீழ போவலன்னா இன்னா, வண்டி மேல போவட்டும்" என்றார்.

தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஜாக்கிகளும் கனத்த மரக்கட்டைகளும் வந்தன. ஒரு மூலையில் இரண்டு அங்குலம், எதிர்மூலையில் இரண்டு அங்குலம் என்று நாள் முழுக்கத் தூக்கி, கேரவனை மூன்றடி உயரத்தில் கான்கிரீட் கட்டைகளின் மேல் உட்கார வைத்தார்கள். உள்ளே நான் கழுவி வைத்திருந்த டம்ளர்கூடச் சரியவில்லை. டேங்க் தரைமேலேயே நின்றது. இப்போது படுக்கைக்குப் போக நான் ஆறு படி ஏற வேண்டும், அது வேறு விஷயம்.

வால்வைத் திறந்தோம். சிவப்பு விளக்கு அணைந்தது. டேங்க் உடையவில்லை, ஒழுகவில்லை, ஒரு சொட்டு மண்ணுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை தேவராஜ் வந்தார். குழாய் கச்சிதமாகப் பொருந்தியது. டேங்க்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வேல" என்றார். இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

ராணியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். தேவராஜ் அவளிடம் சாதாரணமாகக் கேட்டார். "உங்க டேங்கு எப்போக்கா எடுத்தது?"

"எங்குளுதா? கட்டி பன்னெண்டு வருசம் ஆவுது. ஒரு தபா கூட ரொம்பனது இல்ல. நல்ல டேங்கு" என்றாள் பெருமையாக.

தேவராஜ் தயங்கினார். "ரொம்பாத டேங்கு நல்ல டேங்கு இல்லக்கா. அடில கான்கிரீட்டு போடாம வுட்டிருப்பாங்க. எல்லாம் மண்ணுக்குள்ள போயிகினு கீது."

ராணி அங்கிருந்த மரக்கட்டையில் மெல்ல உட்கார்ந்துவிட்டாள். "அப்போ எங்க புள்ளைங்க..." என்றாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை நாளாக நானும் அங்கேதானே போய்வந்தேன்?

லாரியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரரைக் காணவில்லை. அளவு டேப்போடு ராணி வீட்டுப் பின்பக்கம் போய்விட்டிருந்தார். "இதுக்கும் வழி பண்ணலாம்மா, கவலப்படாத" என்று அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

இந்தத் தெருவில் இன்னும் பதினோரு வீடு இருக்கிறது.